கோலமும் வடிவிலக்கணமும்

இலக்கியம் முன்னது, இலக்கணம் பின்னது என்பது தமிழ் மரபு. மகளிர் வாயிலில் இடும் புள்ளிக் கோலத்திற்கும் இம்மரபு பொருந்துமாற்றைத் தாம்பரத்தில் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்றன் வழி ஈண்டுக் காண்போம்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் நகரை விட்டுத் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. அங்குப் புள்ளியியல் பேராசிரியராக விளங்கிய கிஃப்ட் சிரோமணி (1932–1988) பல்லவர் சிற்பம், பழந்தமிழ்க் கல்வெட்டெழுத்து ஆகியவற்றோடு கோலத்தையும் ஆராய்ந்தார். இவரும் கணித அறிஞர் இராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் இணைந்து, கோலத்திற்கு வடிவிலக்கணம் வகுத்த ஆய்வுரையொன்றை 1974-இல் வெளியிட்டனர். 1950-களில் நோம் சாம்சுக்கி மொழிக்கு வகுத்த ஆக்கவிதிகள் குறிகளை ஒரே தொடராகத் தொடுப்பன. தாம்பரத்தார் விதிகளோ குறிகளை வரிசையாகவும் நிரலாகவும் பரப்பி உருவங்களைத் தோற்றுவிப்பன.

இவ்வகை விதிகள் ஏட்டிற்குப் புதியன, கைக்குப் பழையன. எளிய சிக்குக் கோலம் ஒன்றைக் கொள்வோம். நேர்புள்ளிகளை இட்டு, அடுத்தடுத்த இரு புள்ளிகளின் இடையே எங்கும் கம்பிகள் குறுக்கிட, ஓரங்களில் மட்டும் வளைந்து திரும்புமாறு வரைக. 3 வரிசையில் மும்மூன்று புள்ளிகள் இடின், 3 தனிக் கம்பிகள் அமையும். வரிசைக்கு 4 புள்ளிகளாக்கின், ஒரே கம்பி எல்லாப் புள்ளிகளையும் சூழ்ந்து தொடங்கிய இடத்தை அடையும். வரிசைத் தொகைக்கும் நிரல் தொகைக்கும் உரிய மீப்பெரு பொதுக் காரணியே கம்பிகளின் தொகை என்பது இதன்கண் அமைந்த விதி. சமச்சீர்மையும் இவ்வாறே வேறுபடும்: முன்னைய கோலம் கால்வட்டம் சுழற்றினும் தன்னோடு பொருந்தும், பின்னையது அரைவட்டம் சுழற்றினாலன்றிப் பொருந்தாது.

கோலம் மனப்பாடமேயன்றிச் சிந்தனையன்று என்பாரும் உளர். அக்கூற்று பொருந்தாது. மனப்பாடம் மட்டுமாயின், 3-க்கு 4 இட அறிந்தவர் 4-க்கு 5 இடுதற்குப் புதிதாகக் கற்றல் வேண்டும். இட்டுப் பழகிய கையோ கற்ற கோலத்தைத் தானே பெருக்கிக்கொள்கின்றது. கண்டதைப் படியெடுப்பது நினைவு. காணாததை ஆக்குவது விதியறிவு. காரணி என்னும் பெயரை அறியாமலே அதன் பயனை அறிந்த அறிவு இது.

ஆகவே, தாம்பரத்து அறிஞர் கோலத்திற்குக் கணக்கை வழங்கினார் என்பதினும், அதன்கண் உறைந்த கணக்கை எழுத்தில் வடித்தார் என்பதே பொருந்தும். இலக்கணம் கண்டவர்தம் பெயர் ஆய்வேட்டில் நிலைபெற்றது. இலக்கியம் படைத்த மகளிர்தம் பெயரோ மாவொடு நாள்தோறும் அழிந்தது. நேர்புள்ளி, ஊடுபுள்ளி, சிக்கு, கம்பி என அவர் வழங்கிய கலைச்சொற்களேனும் நம் வடிவியல் பாடநூல்களில் இடம்பெறுதல் வேண்டும் எனக் கருதுகின்றோம்.