சுருட்டை முடியும் எக்ஸ் கதிரும்

என் மகளுக்கு வயது நான்கு. தலை நிறையச் சுருட்டை முடி. காலை ஏழரை மணிக்கு எங்கள் தெருவில் கேட்கும் அழுகுரல் அவளுடையதுதான். கையில் சீப்புடன் நிற்கும் குற்றவாளி நான். மனைவி முன்னதாகவே வேலைக்குக் கிளம்பிவிடுவதால் தலைவாரும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. நெருக்கமான பற்களை உடைய சீப்பை உச்சந்தலையில் வைத்து ஒரே இழுப்பாக இழுப்பேன். பாதி வழியில் சீப்பு சிக்கிக்கொள்ளும். குழந்தை வீரிட்டு அழும். "இதுக்கு ஒரே வழிதான்ப்பா. குலதெய்வம் கோயில்ல இன்னொரு மொட்டை போட்டுடு, முடி நேரா வளரும்" என்பார் என் அம்மா. "அப்படியெல்லாம் வளராதம்மா" என்றேன் ஒருநாள். "ஏன் வளராது?" என்று கேட்டார். பத்தாண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு விடை தெரியவில்லை.

ஒன்றை மட்டும் கவனித்திருந்தேன். தலைக்குக் குளிப்பாட்டியதும் மகளின் சுருள்கள் தளர்ந்து தோள்வரை நீளும். காய்ந்ததும் மறுபடி காதோரம் ஏறிக்கொள்ளும். தண்ணீர் எதை அவிழ்க்கிறது? காய்ந்த பின் அது எப்படிப் பழைய வடிவத்தை நினைவில் வைத்திருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை காண அறிவியலுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

முடிக்கும் நீருக்கும் உள்ள உறவை முதலில் முறையாக அளந்தவர் ஜெனீவாவைச் சேர்ந்த சொஸ்யூர் என்ற அறிஞர். ஆல்ப்ஸ் மலைகளில் ஏறி இறங்கி, காற்றின் அழுத்தம், வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றை அளந்தவர் அவர். ஈரப்பதத்தை அளக்க நல்ல கருவி அக்காலத்தில் இல்லை. மனிதத் தலைமுடியைச் சோடாக் கரைசலில் கொதிக்க வைத்து, எண்ணெய்ப் பசை நீக்கி, ஒரு முனையைப் பொருத்தி, மறுமுனையை ஒரு முள்ளுடன் இணைத்தார். காற்றில் ஈரம் ஏறினால் முடி நீண்டது; வறண்டால் சுருங்கியது. முற்றிலும் உலர்ந்த நிலையிலிருந்து முழு ஈர நிலைக்கு வரும்போது நீளம் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டரைப் பங்கு கூடுகிறது. 1783இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். மின்னணுக் கருவிகள் பரவும்வரை வானிலை நிலையங்களில் முடி ஈரமானிகள் வேலை செய்து வந்தன.

தண்ணீர் முடிக்குள் புகுகிறது என்பது இவ்வாறு தெரிந்தது. உள்ளே போய் என்ன செய்கிறது என்பது தெரியவில்லை.

அடுத்த செய்தி அறிஞரிடமிருந்து வரவில்லை, சிகையலங்காரக்காரரிடமிருந்து வந்தது. ஜெர்மனியில் பிறந்து லண்டனில் கடை வைத்திருந்த கார்ல் நெஸ்லர் என்பவர், நேரான முடியை நிரந்தரமாகச் சுருட்ட வழி தேடினார். முடியைத் தண்டுகளில் சுற்றிக் காரப் பொருள் தடவி, ஏறத்தாழ 100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் பித்தளைத் தண்டுகளால் சுட வைத்தார். சோதனைக்குக் கிடைத்தவர் அவருடைய மனைவி காதரினா. முதல் இரண்டு முயற்சிகளில் அந்த அம்மையாரின் முடி கருகிப் போனது, தலைத்தோலும் வெந்தது. ஆனாலும் நெஸ்லர் விடவில்லை, மனைவியும் மறுக்கவில்லை! 1906இல் லண்டனில் தம் முறையைப் பலர் முன்னிலையில் செய்துகாட்டினார். நீரில் நனைத்தாலும் போகாத சுருள் அது. ஆக, நீர் அவிழ்க்கும் பிணைப்பு ஒன்று. நீருக்கு மசியாமல் காரத்துக்கும் வெப்பத்துக்கும் மட்டுமே மசியும் பிணைப்பு வேறொன்று. இப்படி அன்று யாரும் சொல்லவில்லை. பின்னால் பார்க்கும்போது நமக்குத் தெரிகிறது.

விடை கம்பளித் தொழிலிலிருந்து வந்தது. ஆட்டு ரோமமும் நம் முடியும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரம் கம்பளி மில்களுக்குப் பெயர்போனது. அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு 1928இல் நெசவு இயற்பியல் ஆசிரியராக வந்தவர் வில்லியம் ஆஸ்ட்பரி. (வேர்க்கடலைப் புரதத்தில் செய்த நூலால் நெய்த மேல்கோட்டை அணிந்து திரிந்தவர் இவர்!) உப்பு, வைரம் போன்ற படிகங்களின் உள்ளமைப்பை எக்ஸ் கதிர்கள் காட்டும் என்பது அப்போது தெரியும். முடியைப் படிகம் என்று யார் நினைப்பார்கள்? ஆஸ்ட்பரி முடியின் வழியாக எக்ஸ் கதிரைச் செலுத்தினார். புகைப்படத் தகட்டில் ஒழுங்கான புள்ளிகளும் பட்டைகளும் விழுந்தன. அதாவது, முடிக்குள் மூலக்கூறுகள் தாறுமாறாக இல்லை, அடுக்காக இருக்கின்றன.

இன்னும் வியப்பான செய்தி, நீராவியில் முடியை இழுத்து நீட்டியபோது கிடைத்தது. நீட்டாத முடியின் படத்தில் 5.1 ஆங்ஸ்ட்ராம் தூரத்துக்கு ஒருமுறை ஓர் அமைப்பு திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.) நீட்டிய முடியின் படமோ முற்றிலும் வேறாக இருந்தது. புரதச் சங்கிலி இயல்பு நிலையில் மடிந்து கிடக்கிறது, இழுத்தால் விரிகிறது என்று ஆஸ்ட்பரி 1930களின் தொடக்கத்தில் முடிவு செய்தார். அதே லீட்ஸில் ஸ்பீக்மன் என்ற வேதியியலார், நெஸ்லரின் வித்தைக்குக் காரணம் கண்டார். புரதச் சங்கிலிகளைக் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துப் பாலமாக இணைக்கின்றன. காரமும் நீராவியும் அப்பாலங்களை உடைக்கின்றன. முடியை வளைத்து வைத்திருந்தால் அந்த வளைந்த நிலையிலேயே புதிய பாலங்கள் உருவாகின்றன. முடி கருகும்போது எழும் நாற்றத்தில் கந்தகத்துக்குப் பங்கு உண்டு.

சங்கிலி மடிந்திருக்கிறது என்றால், எப்படி மடிந்திருக்கிறது? இதில் ஆஸ்ட்பரி தவறினார். 1948இல் அமெரிக்க வேதியியலறிஞர் லைனஸ் பாலிங் ஆக்ஸ்போர்டில் ஜலதோஷத்துடன் படுக்கையில் கிடந்தார். துப்பறியும் நாவல்கள் அலுத்துப்போகவே, ஒரு தாளில் புரதச் சங்கிலியை வரைந்து மடித்துப் பார்த்தார். சங்கிலியை ஸ்பிரிங் போலச் சுற்றினால், ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் மிகப் பொருத்தமாக அமைந்தன. ஆனால் ஒரு சுற்றின் உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம் என்று வந்தது. ஆஸ்ட்பரியின் படமோ 5.1 என்றது. இந்த 0.3 வேறுபாடு பாலிங்கை மூன்றாண்டுகள் பேசாமல் இருக்க வைத்தது. கோரி, பிரான்சன் ஆகிய இருவருடன் சேர்ந்து 1951இல்தான் அதை வெளியிட்டார்.

அக்கட்டுரையைக் கேம்பிரிட்ஜில் மாக்ஸ் பெருட்ஸ் படித்தார். ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள், சுற்றின் உயரம் 5.4, அப்படியானால் ஓர் அமினோ அமிலத்துக்கு 1.5 ஆங்ஸ்ட்ராம் உயரம். (மாணவர்கள் வகுத்துப் பார்க்கலாம்.) அந்த 1.5க்கு உரிய புள்ளி எக்ஸ் கதிர்ப் படத்தில் விழுந்தாக வேண்டும். ஆஸ்ட்பரியின் படங்களில் அது ஏன் இல்லை? பெருட்ஸுக்குப் பொறி தட்டியது. பிராக் விதிப்படி, சிறிய இடைவெளிக்கு உரிய கதிர் பெரிய கோணத்தில் விலகும். ஆஸ்ட்பரி இழையைக் கதிருக்குச் செங்குத்தாக வைத்திருந்தார், தகடும் குறுகலானது. இழையைச் சாய்த்து வைத்தால்தான் அப்புள்ளி தெரியும். ஆய்வகத்துக்கு ஓடி, ஒரு குதிரைமயிரை எடுத்து, கணக்கிட்ட கோணத்தில் சாய்த்துப் படம் எடுத்தார். 1.5 ஆங்ஸ்ட்ராம் புள்ளி அங்கே இருந்தது! தமக்கு இந்த அமைப்பு தோன்றவில்லையே என்ற கோபத்தில்தான் இதைச் செய்ததாகத் தம் தலைவர் லாரன்ஸ் பிராக்கிடம் பெருட்ஸ் சொன்னாராம். முன்பே உம்மைக் கோபப்படுத்தியிருக்கலாமே என்றாராம் அவர்.

மீதி 0.3 புதிர் விரைவில் தீர்ந்தது. சுருள்கள் தனித்து நிற்காமல், கயிற்றின் புரிகள் போல ஒன்றையொன்று முறுக்கிக்கொள்கின்றன. சாய்ந்த ஸ்பிரிங்கை நேராகப் பார்த்தால் உயரம் சற்றுக் குறைந்துதானே தெரியும்? அதுவே 5.1. இதைக் கிரிக்கும் பாலிங்கும் தனித்தனியே கண்டனர். 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்று இழை அமைப்பைக் கூறியதும் இதே எக்ஸ் கதிர் வழியில்தான்.

இங்கே வாசகர் ஒரு தவறு செய்யக்கூடும், நானும் செய்தேன். மூலக்கூறு சுருளாக இருப்பதால் முடி சுருளுகிறது என்று எண்ணிவிடக்கூடாது. கோரைப்புல் போல நீண்டு தொங்கும் முடியிலும் இதே சுருள் மூலக்கூறுதான். முடி சுருளக் காரணம் வேறு. 1953இல் ஜப்பானின் கியோட்டோவில் ஹோரியோ, கோண்டோ என்ற இருவர், கம்பளி இழையின் குறுக்கே இரு பாதிகள் வேறுவேறு தன்மையுடன் இருப்பதைக் கண்டனர். இஸ்திரிப் பெட்டியில் இரட்டை உலோகப் பட்டை வளைவதை நினைத்துக்கொள்ளுங்கள். 2018இல் நியூசிலாந்து, ஜப்பான் ஆய்வாளர்கள் மெரினோ கம்பளியின் செல்களை அளந்தபோது, வளைவின் வெளிப்புறத்தில் இருப்பவை நீளமானவை என்று தெரிந்தது. மனிதனின் சுருட்டை முடியில் வேர்க்குழியே வளைந்திருக்கிறது. 2005இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அத்தகைய வேர்க்குழியை உடலுக்கு வெளியே வளர்ப்பு ஊடகத்தில் வைத்தனர். அங்கும் சுருண்ட முடியே வளர்ந்தது.

அம்மாவின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சவரக்கத்தி வெட்டுவது தோலுக்கு மேலே உள்ள உயிரற்ற பகுதியை. வடிவத்தைத் தீர்மானிக்கும் வேர்க்குழி தோலுக்குள்ளே பத்திரமாக இருக்கிறது. குழந்தை முடி வயதுடன் தானாகவே மாறுவது உண்டு. அம்மாறுதலுக்கு முன்னால் ஒரு மொட்டை நடந்திருந்தால், பெயர் மொட்டைக்குப் போய்விடுகிறது.

சீப்புக்கு வருவோம். நனைந்த முடியில் சங்கிலிகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளை நீர் அவிழ்க்கிறது. கந்தகப் பாலங்கள் அப்படியே நிற்கின்றன. ஆகவே சுருள் தளர்கிறது, ஆனால் வடிவத்தை மறப்பதில்லை. உலர்ந்த சுருட்டை முடியில் சீப்பை இழுப்பது, இறுகிய நிலையில் உள்ள ஆயிரக்கணக்கான ஸ்பிரிங்குகளை ஒன்றோடொன்று உரசி இழுப்பதாகும். முடியின் மேற்புறச் செதில்கள், ஓட்டுவீட்டுக் கூரை போல நுனியை நோக்கி அடுக்கப்பட்டுள்ளன. உரசலில் அவை பெயர்கின்றன. நனைந்த முடி எளிதில் நீளும், பலமும் குறைவு. எனவே அதையும் முரட்டுத்தனமாக இழுக்கலாகாது. நனைந்த முடியில் சிறிது எண்ணெயோ கண்டிஷனரோ தடவி, அகன்ற பல் சீப்பால், பகுதி பகுதியாகப் பிரித்து, முதலில் நுனி, பிறகு நடு, கடைசியில் வேர் என்று வார வேண்டும். நான் செய்துவந்தது நேர் எதிர்முறை. மேலிருந்து இழுத்தபோது எல்லாச் சிக்கையும் கீழே தள்ளி ஒரே முடிச்சாக இறுக்கிக்கொண்டிருந்தேன்.

துணி துவைக்கும் சோப்பு போன்ற காரமான சோப்புகள் முடியை உப்ப வைத்துச் செதில்களை எழுப்பும். அவற்றைக் குழந்தையின் தலையிலிருந்து தள்ளி வைப்பது நல்லது. தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று மும்பை ஆய்வாளர்கள் 2003இல் எழுதினார்கள். அவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்க. ஆயினும் அளவீடுகள் நம்பத்தக்கவையாகவே தோன்றுகின்றன. முடியை நேராக்கும் காரப் பசைகளைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: சிறு குழந்தையிடம் அவற்றைக் கொண்டு போகாதீர்கள். அவை உடைப்பது அந்தக் கந்தகப் பாலங்களை. தோலில் பட்டால் காதரினா அம்மையார் பட்ட பாடுதான்.

இப்போது எங்கள் வீட்டில் தலைவாரல் குளியலறையிலேயே நடக்கிறது. அழுகை நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பத்து நிமிடம் ஒரு நிமிடமாகியிருக்கிறது. 2023இல் வெளியான ஓர் ஆய்வை அம்மாவிடம் சொன்னேன். வெப்பம் அளக்கும் மனிதப் பொம்மையின் தலையில் வெவ்வேறு பொய்முடிகளை வைத்து, விளக்குகளால் வெயில் போல ஒளி பாய்ச்சினார்கள். வெப்பம் தலைக்குப் போகாமல் மிக நன்றாகத் தடுத்தது இறுகச் சுருண்ட முடிதான். அம்மா சற்று யோசித்தார். "அப்போ சித்திரை வெயில்ல மொட்டை வேண்டாம்ங்கிற. சரி, தைக்குப் பார்த்துக்கலாம்" என்றார்.