ஒரே அனுமதியில் இரண்டு உயரங்கள்: பிசினஸ் ஜெட் புறப்பாட்டில் நேரும் உயரப் பிழை

2009 ஜூலை 27 அன்று லண்டன் சிட்டி விமான நிலையத்திலிருந்து சைட்டேஷன் 525 வகைச் சிறிய ஜெட் ஒன்று கிளம்பியது. 3000 அடிக்கு ஏறுமாறு கட்டுப்பாட்டாளர் சொன்னார். விமானிகள் 4000 அடி என்று திருப்பிச் சொன்னார்கள். அந்த மாற்றம் கட்டுப்பாட்டாளரின் காதில் படவில்லை. அதே நேரத்தில் ஹீத்ரோவில் இறங்க வேண்டிய போயிங் 777 ஒன்று மேற்கு நோக்கி 4000 அடிக்குத் தாழ்ந்துகொண்டிருந்தது. இரு விமானங்களும் மிக நெருங்கிய கணத்தில் அவற்றுக்கிடையே பக்கவாட்டில் அரைக் கடல் மைலும் மேல்கீழாக நூறு, இருநூறு அடியும்தான் இருந்தன.

எண்ணைத் தவறாகச் சொன்னது விமானி, அதைத் திருத்தாமல் விட்டது கட்டுப்பாட்டாளர். இந்த அளவில் நின்றால் மனிதத் தவறு என்று எழுதிக் கோப்பை மூடிவிடலாம். நான் நிற்க விரும்பாத இடம் அதுதான். 4000 என்ற எண்ணை அந்த விமானிகள் எங்கிருந்து எடுத்தார்கள்? அன்று லண்டன் சிட்டியின் புறப்பாட்டு வரைபடங்களில் ஏற்றம் இரண்டு படிகளாக இருந்தது: முதலில் 3000, ஹீத்ரோவுக்கு வரும் பாதையைத் தாண்டிய பிறகு 4000. பிழையான எண் அவர்கள் கற்பனையில் முளைத்ததல்ல. மடிமேல் இருந்த தாளிலேயே அது அச்சாகியிருந்தது. சரியான எண்ணை, அதற்குரிய நேரத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டார்கள்.

படிப்படியாக ஏறும் இத்தகைய புறப்பாடுகளில் உயரப் பிழையின் விதை நெறிமுறையை வரைந்தவரின் மேசையிலேயே விழுந்துவிடுகிறது என்பது என் வாதம். விமானியின் கவனக்குறைவு அந்த விதைக்குக் கிடைக்கும் ஈரம் மட்டுமே.

இதற்கு மிகத் தெளிவான களம் நியூ ஜெர்சியின் டெட்டர்போரோ. மன்ஹாட்டனுக்கு மேற்கே, ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் சதுப்பு நிலத்தை ஒட்டி, கிட்டத்தட்டக் கடல் மட்டத்திலேயே அமைந்த நிலையம். 1,00,000 பவுண்டு எடைக்கு மேற்பட்ட விமானங்களுக்கு அங்கே இடமில்லை. அதனால் நியூயார்க்குக்கு வரும் பிசினஸ் ஜெட்டுகளின் தலைவாசலாக அது இருக்கிறது. சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளி நியூவர்க் சர்வதேச நிலையம். ஓடுபாதை 24இலிருந்து கிளம்பும் ஜெட்டுக்கு நெடுங்காலமாகத் தரப்பட்டுவரும் புறப்பாடு ‘ரூடி’ என்ற பெயர் கொண்டது. அதன்படி ‘வென்ட்ஸ்’ என்ற புள்ளியை 1500 அடியில் கடக்க வேண்டும். அதற்குப் பிறகே 2000 அடிக்கு ஏறலாம். காரணம், நியூவர்க்கில் இறங்கும் பயணிகள் விமானங்கள் ஆயிரம் அடி இடைவெளியில் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். இங்கே திரும்பத் திரும்ப நேரும் பிழை ஒன்றே: 1500இல் நிற்காமல் 2000க்கு ஏறிவிடுவது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் வணிக விமானப் போக்குவரத்துச் சங்கமும் இதைப் பற்றி எச்சரிக்கைகள் விடுத்திருக்கின்றன. பிழை நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, கிளம்பியதும் வரும் முதல் அரை நிமிடத்துக்குள் போக வேண்டும். நிமிடத்துக்கு 3000 அடி வேகத்தில் ஏறும் ஜெட் 1500 அடியை முப்பது வினாடியில் தொட்டுவிடும். 1500இலிருந்து 2000க்குப் பத்து வினாடி. இந்த முப்பது வினாடிக்குள் சக்கரங்களை உள்ளிழுக்க வேண்டும், இறக்கைமடிப்புகளைச் சுருக்க வேண்டும், உந்துவிசையைக் குறைக்க வேண்டும், கோபுரத்தின் அலைவரிசையிலிருந்து புறப்பாட்டுக் கட்டுப்பாட்டின் அலைவரிசைக்கு மாற வேண்டும், திசையும் திரும்ப வேண்டும். குறித்த உயரத்துக்கு ஆயிரம் அடி இருக்கும்போது ஒலிக்கும் எச்சரிக்கை மணி, 1500 என்று பதித்திருந்தால் தரையிலிருந்து வெறும் 500 அடியிலேயே அடித்துவிடும். சக்கரம் அப்போதுதான் உள்ளே போயிருக்கும். வேறெந்த நிலையத்திலும் நிதானமாகக் கேட்கும் அந்த மணி இங்கே இரைச்சலோடு இரைச்சலாகப் போய்விடுகிறது.

ஆட்டோபைலட்டுக்கு இலக்கு உயரத்தைச் சொல்லும் உயரப் பெட்டியில் எந்த எண்ணைப் பதிப்பது என்பது அடுத்த சிக்கல். இந்தப் புறப்பாட்டின் உச்ச உயரம் 2000. கணினி வழிநடத்தலை நம்பும் குழு பெட்டியில் 2000ஐ வைத்து, இடைப்பட்ட 1500ஐக் கணினி பார்த்துக்கொள்ளும் என்று எண்ணும். அந்தக் கணினி முறை இயக்கத்துக்கு வந்திருந்தால் சரி. வராமல் போனால் விமானம் நேராக 2000க்குப் போகும், மணியும் 2000க்குத்தான் அடிக்கும். 1500ஐக் கடந்ததைச் சொல்ல விமானி அறையில் எந்தக் குரலும் இராது. பெட்டியில் 1500ஐ வைக்கும் குழுவுக்கு ஆபத்து வேறு வடிவில் வருகிறது. வேகமாக ஏறும் ஜெட்டில் ஆட்டோபைலட் குறித்த உயரத்துக்கு வெகு முன்பே மூக்கைத் தாழ்த்தத் தொடங்கும். குறித்த உயரத்தைப் பிடிக்கும் அந்தக் கட்டத்தில் யாராவது உயரத்தையோ ஏறும் வேகத்தையோ மாற்றினால், பிடிப்பு அவிழ்ந்து விமானம் தொடர்ந்து ஏறக்கூடும். நாசாவின் எவரெட் பாமர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதையே விவரிக்கிறது: பாவனைக் கருவியில் எம்டி-88 ஓட்டிய அனுபவமுள்ள குழு, பிடிப்பு தொடங்கியபின் ஏறும் வேகத்தைத் திருத்தியது, குறித்த உயரம் கைநழுவியது. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். இயந்திரத்தின் நிலை மாறியது அவர்களுக்குப் புலப்படவில்லை, அவ்வளவே.

பிசினஸ் ஜெட் குழுவின் வாழ்க்கைமுறையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பயணிகள் நிறுவன விமானி ஒரே தடத்தில் மாதத்துக்குப் பலமுறை பறப்பவர். அந்த நிலையத்தின் வளைவு நெளிவெல்லாம் அவர் கைக்குப் பழகியிருக்கும். பிசினஸ் ஜெட் விமானி இன்று ஒரு மலையூர், நாளை ஒரு பெருநகரம் என்று பறப்பவர். டெட்டர்போரோவுக்கு ஆண்டில் ஒருமுறை மட்டுமே வந்திருக்கலாம். அவர் பழகிய நிலையங்களில் முதல் அனுமதி பெரும்பாலும் சில ஆயிரம் அடிகளுக்கு இருக்கும். ஏறிக்கொண்டே இருப்பதுதான் அவர் உடலில் ஊறிய பழக்கம். கிளம்பிய அரை நிமிடத்தில் அந்தப் பழக்கத்தை அறுக்கச் சொல்கிறது தாளில் உள்ள ஒரு சிறிய எண்.

‘நூற்றுக்கணக்கானோர் இதே புறப்பாட்டைச் சரியாகப் பறக்கிறார்கள், தவறுபவர் சிலரே, ஆகவே குறை அவர்களிடம்தான்’ என்று ஒரு மறுப்பு எழும். அதை நான் எளிதாகத் தள்ளவில்லை. இரண்டு விமானிகளும் புறப்படுமுன் வரைபடத்தை வாய்விட்டுப் பேசிக்கொள்வதும், ஒருவர் பதிப்பதை மற்றவர் சரிபார்ப்பதும் பல பிழைகளைத் தடுத்திருக்கின்றன. ஆனால் தவறுபவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில், ஒரே திசையில், ஒரே 500 அடிக்குத் தவறுகிறார்கள். கவனக்குறைவு எங்கும் சிதறிக் கிடப்பது. இப்படி ஒரு புள்ளியில் குவிந்தால் அந்தப் புள்ளியைத்தான் ஆராய வேண்டும்.

இங்கே சான்றின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நாசா 1976 முதல் நடத்திவரும் விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்துக்கு விமானிகள் தாமாகவே எழுதுகிறார்கள். பத்து நாளுக்குள் எழுதினால், வேண்டுமென்றே செய்யாத மீறலுக்குத் தண்டனையிலிருந்து பொதுவாக விலக்கு உண்டு. எழுதாதவர் எத்தனை பேர் என்பது அதில் தெரியாது, ஆகவே விகிதம் கணக்கிட அது உதவாது. பிழை எந்த வடிவில் வருகிறது என்பதைக் காட்ட உதவும். அந்த அறிக்கைகளை ஆராய்ந்து பில்லிங்ஸும் சீனியும் 1981இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, அவற்றில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் தகவல் கைமாறுவதில் ஏற்படும் சிக்கலைக் கொண்டிருப்பதாகக் காட்டியது. ஒரே வாக்கியத்தில் இரண்டு உயரங்களைச் சுமத்துவது அந்தக் கைமாற்றை இன்னும் பலவீனமாக்குகிறது.

பிரேசிலில் 2006 செப்டம்பர் 29 அன்று நேர்ந்தது இதன் கொடிய எல்லை. சாவ் ஜோசே தோஸ் காம்போஸிலிருந்து மனாவுஸுக்குப் புறப்பட்ட லெகசி 600 ஜெட்டின் பறப்புத் திட்டத்தில் மூன்று உயரங்கள் இருந்தன: பிரசிலியா வரை 37,000 அடி, அங்கிருந்து 36,000, பிறகு 38,000. தரையில் சுருக்கிச் சொல்லப்பட்ட அனுமதியில் 37,000 மட்டும் மனாவுஸ் நிலையத்தின் பெயரோடு சேர்ந்து ஒலித்தது. விமானிகளின் மனத்தில் அது பயணம் முழுமைக்குமான உயரமாகப் பதிந்தது. பிரசிலியாவைத் தாண்டியும் இறங்கச் சொல்லி எந்தக் கட்டளையும் வரவில்லை. ரேடாருக்கு உயரத்தைத் தெரிவிக்கும் ட்ரான்ஸ்பாண்டரும் ஓய்ந்துபோனது. எதிரே அதே உயரத்தில் வந்த கோல் நிறுவனத்தின் போயிங் 737உடன் அது மோதியதில், அந்த போயிங்கில் இருந்த 154 பேரும் இறந்தனர். பிரேசில், அமெரிக்கப் புலனாய்வுகள் பொறுப்பை ஒரே அளவில் பகிரவில்லை. என் வாதத்துக்கு வேண்டியது ஒன்று: பல படிகள் கொண்ட உயரம் சொல்லில் கைமாறும்போது ஒரு படி மட்டும் தங்கி மற்றவை உதிர்கின்றன. லண்டனில் பிந்திய எண் முந்திக்கொண்டது, பிரேசிலில் முந்திய எண்ணே கடைசிவரை நின்றது.

மோதல் தவிர்ப்புக் கருவியான டீகாஸ் காப்பாற்றாதா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். 5,700 கிலோவுக்கு மேற்பட்ட அல்லது பத்தொன்பதுக்கு மேல் பயணிகளை ஏற்றும் விமானங்களுக்கே ஐரோப்பாவில் அது கட்டாயமாக இருந்தது. சைட்டேஷன் 525 அந்த வரம்புக்குள் வராது. கருவி இருந்தாலும், தரையிலிருந்து ஏறத்தாழ 1000 அடிக்குக் கீழே அது ஏறு, இறங்கு என்ற கட்டளை எதையும் தராது. அதற்குச் சற்று மேலேயும் இறங்கச் சொல்லாது. 1000 முதல் 2350 அடி வரை மோதலுக்குப் பதினைந்து வினாடி முன்புதான் கட்டளை வரும், உயர்வானில் போல முப்பத்தைந்து வினாடி அல்ல. டெட்டர்போரோவின் இரண்டு எண்களும் இந்தக் குறுகிய பட்டைக்குள்தான் கிடக்கின்றன.

லண்டனில் தீர்வு வரைபடத்திலேயே தேடப்பட்டது. புறப்பாடுகள் 3000 அடியோடு முடியுமாறு மாற்றப்பட்டன; இரண்டாம் படி தாளிலிருந்து நீங்கியது. அதற்கு மேல் ஏற வேண்டுமானால் கட்டுப்பாட்டாளர் தனியாகச் சொல்வார். இதற்கு விலை உண்டு. வானொலியில் ஒவ்வொரு ஜெட்டுக்கும் ஒரு பேச்சு கூடும், நெரிசலான நேரத்தில் அது சுமையே. நியூயார்க்கின் மூன்று பெரிய நிலையங்களின் பாதைகளும் பின்னிக் கிடக்கும் வான்வெளியில் அந்தச் சுமை இன்னும் கனக்கும். வானொலி பழுதானால் 1500இலேயே நிற்கும் ஜெட் என்ன செய்வது என்பதற்கும் வரைபடத்தில் பதில் எழுத வேண்டியிருக்கும். இவை பொறுமையாகத் தீர்க்கக்கூடிய சிக்கல்கள். டெட்டர்போரோவில் 1500இல் முடியும் ஒரு புறப்பாட்டை முதலில் போக்குவரத்து குறைந்த நேரங்களில் நடைமுறைப்படுத்தி, கட்டுப்பாட்டாளர்களின் பேச்சுச் சுமையையும் உயரப் பிழைகளையும் அருகருகே வைத்து அளக்கலாம்.