கடலில்லாத குமரிமுனை

ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் இந்தியாவில் பயணம் செய்து வரைந்த காட்சிகள், 1795 முதல் 1808 வரை லண்டனில் 'ஓரியண்டல் சீனரி' என்னும் வரிசையாக வெளிவந்தன. அதிலுள்ள 144 படங்களுள் ஒன்று 'கேப் கொமொரின்' எனத் தொடங்கும் தலைப்பைத் தாங்கியுள்ளது. குமரிமுனை என்றதும் முக்கடலையும் அம்மன் கோயிலையும் தேடும் கண்ணுக்கு அப்படத்தில் கிடைப்பது மலை.

ஓவியர்கள் பொய்யுரைக்கவில்லை. 'கல்காட் அருகிலிருந்து எடுக்கப்பட்டது' என்று தலைப்பின் பிற்பகுதி சொல்கிறது. மறுபதிப்புகளில் அப்பகுதியை விட்டுவிட்டால்தான் படம் பொய்யாகும்.

கல்காட் எந்த ஊர்? எழுத்தை நம்பிக் 'கல்'லையும் 'காட்டை'யும் தேடினால் வழி தவறும். ளகரத்துக்கு ஆங்கிலத்தில் தனியெழுத்து இல்லை. விரைந்த பேச்சில் இரண்டாம் எழுத்தின் அகரம் தேய்கிறது. ஈற்றுக் குற்றியலுகரம் அயலார் செவியில் விழுவதே இல்லை. இம்மூன்று இழப்புகளையும் ஈடுசெய்தால் மீள்வது திருநெல்வேலிச் சீமையின் களக்காடு. பயணவழியும் இதற்கு இசைகிறது. 1792 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்ட அவ்விருவரும் பாபநாசம் அருவியையும் வரைந்துள்ளனர். அங்கிருந்து மலையடிவாரமாகத் தென்கிழக்கே வந்தால் களக்காடு.

இனி, களக்காட்டு மலைக்குக் குமரியின் பெயர் ஏன்? முனை அங்கிருந்து ஏறத்தாழ நேர்தெற்கில், 48 கி.மீ. தொலைவில் உள்ளது. இடையே, சற்று மேற்காக, 1,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்த மகேந்திரகிரி நிற்கிறது. முனையின் நிலமோ தாழ்வானது. கடலில் வருபவனுக்குக் கரைக்கு முன்பே தெரிவது மேற்குத்தொடர்ச்சி மலையின் இந்தத் தென்கோடிதான். ஐரோப்பியருக்குக் குமரி அறிமுகமானதே கடல்வழியாக. கிரேக்க மாலுமிகளின் 'பெரிப்ளூஸ்' காலத்திலேயே அப்பெயர் பதிவாகிவிட்டது. மாலுமியின் வழக்கில் முனையின் பெயர் மலைவரை நீண்டது என்று கொள்வதே பொருத்தம்.

களக்காட்டில் நின்று இப்படத்தை ஒப்பிட விரும்புவோர் முன்னணியிலுள்ள மரங்களையும் மனிதரையும் நம்ப வேண்டாம். களத்தில் வரைந்த கோட்டோவியம் ஆண்டுகள் பல கழித்து லண்டனில் அச்சுக்காகச் செதுக்கப்பட்டபோது, அழகு கருதி அவை இடம் மாறியிருக்கலாம். மலைமுகட்டின் கோடு அப்படியல்ல. இருட்டுப் பெட்டியின் வில்லை வழியே விழுந்த பிம்பத்தைப் பின்தொடர்ந்து வரைவது டேனியல்களின் வழக்கம். கண் வைக்க வேண்டியது அக்கோட்டில்.