பனி மூடிய காரை எடுக்க முன்

கனடாவின் ஸ்காபுரோவில் என் முதல் குளிர்காலம். காலை ஐந்து மணி வேலைக்கு வெளிக்கிட்டேன். இரவிரவாகப் பனி கொட்டியிருந்தது. நேரம் போய்விட்டதென்று முன்கண்ணாடியில் முகம் தெரியுமளவு மட்டும் சுரண்டிவிட்டுக் காரை எடுத்தேன். முதலாவது சிவப்பு விளக்கில் பிரேக் பிடித்ததும், கூரையில் கிடந்த பனி மொத்தமாகச் சரிந்து கண்ணாடியை மூடிவிட்டது. வைப்பரால் அதைத் தள்ள முடியவில்லை. அந்த நேரத்தில் எனக்கு முன்னால் யாராவது வீதியைக் கடந்தார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று பின்னேரம் சித்தப்பா பிரஷும் சுரண்டியும் தந்து, "பதினைந்து நிமிசம் முந்தி எழும்பு தம்பி" என்று தொடங்கி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லித்தந்தார். புதிதாக வந்தவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் புகைக்குழாய்

எஞ்சினைப் போட முன் காரின் பின்பக்கம் போங்கள். புகைக்குழாயைப் பனி அடைத்திருந்தால் காபனோரொட்சைட்டு வாயு காருக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, மயக்கம், பிறகு மரணம். குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றும்வரை பிள்ளைகளைச் சூட்டுக்காகக் காருக்குள் இருத்தவே கூடாது. கதவு திறந்திருந்தாலும் கராஜுக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது.

மேலிருந்து கீழே

எஞ்சினைப் போட்டு, சூட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பிவிடுங்கள். அது இளகும் நேரத்தில் கூரையைத் துடையுங்கள். கூரைப் பனியை விட்டால், பிரேக் பிடிக்கும்போது முன்னால் சரியும். நெடுஞ்சாலையில் கட்டியாகப் பறந்து பின்னால் வருபவரின் கண்ணாடியில் விழும். பிறகு முன்மூடி, பின்பெட்டி. மண்வெட்டி வேண்டாம், பெயின்ற் கீறுப்படும்.

கண்ணாடிகள்

எல்லாக் கண்ணாடிகளையும் முழுதாகச் சுரண்டுங்கள். பக்கக் கண்ணாடிகளையும் மறக்க வேண்டாம். சுடுதண்ணீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கலாம். ஒட்டி உறைந்த வைப்பரைப் போட்டால் மோட்டார் பழுதாகலாம். கண்ணாடி கழுவும் தாங்கியில் வெறும் தண்ணீர் உறைந்துவிடும். குளிர்காலத்துக்கென விற்கும் திரவத்தையே விடுங்கள். ஏற முன் சப்பாத்துப் பனியைத் தட்டுங்கள். அது உள்ளே உருகினால் கண்ணாடி புகாரடிக்கும். ஏசியைப் போட்டால் அந்த ஈரம் வற்றும்.

விளக்கும் இலக்கத் தகடும்

எல்ஈடி விளக்குகள் பழைய பல்புகளைப்போல் சூடாவதில்லை. அதனால் அவற்றின் மேலுள்ள பனி தானாக உருகாது. முன் விளக்கு, பின் விளக்கு, சிக்னல், இலக்கத் தகடு, பின்கமரா எல்லாவற்றையும் துடையுங்கள்.

சட்டம்

ஒன்ராறியோவில் சாரதிக்கு வீதி தெளிவாகத் தெரியாதபடி கார் ஓடுவது குற்றம். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். பிரித்தானியாவின் வீதி ஒழுங்குக் கோவையின் 229ஆம் விதி, கண்ணாடிகள் முழுவதையும் துப்புரவாக்கவும், மற்றவர்கள்மேல் விழக்கூடிய பனியை அகற்றவும் சொல்கிறது.

பிந்தினால் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. கடன்பட்டு வந்தவர்களுக்கு அது சின்னப் பயம் இல்லை. ஆனால் எத்தனையோ கண்டத்தைத் தாண்டி வந்த உயிர் இது. ஊரிலிருந்து அம்மா ஒவ்வொரு அழைப்பிலும் "கவனமா ஓடு" என்கிறா. பனியை அவ கண்டதில்லை. அந்தக் கவனத்துக்குப் பதினைந்து நிமிசம் போதும்.