போறணை எரியும் இரவு

பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு வழியாகக் கல்முனைக்குச் செல்லும் கடற்கரைச் சாலையின் மேற்குப்புறமெங்கும் நெல்வயல்கள். மூன்று வேளையும் சோறுண்ணப் போதிய நெல் விளையும் நாடு இது. ஆயினும் இங்கே தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் விடிந்ததும் தேடப்படுவது பாண். அந்தப் பாணுக்குரிய கோதுமை இலங்கையில் விளைவதில்லை; அதன் பெயரும் நமதன்று; அது வேகும் போறணையின் பெயரும் நமதன்று. நமக்குரியவை அதில் எரிந்த விறகும், அதனருகே கண்விழித்த மனிதனின் இரவுமே. அவ்விரண்டைப் பற்றித்தான் நம்மவர் அதிகம் எழுதவில்லை.

போர்த்துக்கேயர் 1505-இல் இலங்கைக்கு வந்தனர். 1628-இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638-இல், அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். கோட்டை போயிற்று, சொற்கள் தங்கிவிட்டன. ‘பாவ்’ பாணாயிற்று. ‘ஃபோர்னோ’ போறணையாயிற்று என்பர். அச்சொல்லின் மூலம் இலத்தீன். அரபியர் வழங்கும் ‘ஃபுர்ன்’ என்பதும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அரபியில் அடுப்புக்கு வேறொரு பழஞ்சொல்லும் உண்டு. நூஹ் நபியவர்களின் வெள்ளத்தைச் சொல்லுமிடத்தில் திருக்குர்ஆனில் வரும் ‘தன்னூர்’ அது. வடஇந்தியரின் தந்தூரும் அதன் வழிவந்ததே. பறங்கியர் வந்துதான் அடுப்பின் சூட்டைக் கற்றோம் என்று எண்ணவேண்டியதில்லை. அப்பச் சட்டியின் மூடிமேல் தணலிட்டு, மேலும் கீழும் நெருப்பு வைக்க நம் பெண்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் அது ஒரு சட்டிக்குரிய நெருப்பு. போறணை கேட்பது வேறு.

அதன் இயல்பை அறியாதார், பாணை நெருப்பு சுடுகிறது என்றே கருதுவர். விறகுப் போறணையில் பாண் செல்லும்போது நெருப்பே இருப்பதில்லை. செங்கல்லால் வளைத்துக் கட்டிய அறைக்குள்ளேயே விறகை அடுக்கி, இரண்டு மூன்று மணி நேரம் எரிப்பார்கள். முதலில் வளைவு முழுவதும் கரி படிந்து கறுக்கும். சூடு ஏற ஏற அக்கரியும் எரிந்து கல் வெளுக்கும். வெளுத்த பின்னரே தணலை வாரித் தள்ளி, சாம்பலைக் கூட்டி, ஈரச் சாக்கினால் தளத்தைத் துடைத்து, வாயை மூடிச் சிறிது நேரம் விடுவார்கள். ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்கும் சூடு அதற்குள் ஒத்துவிடும். பிறகு ஒரு சிட்டிகை மா தூவப்படும். உடனே கருகினால் இன்னும் ஆறவேண்டும். வெள்ளையாகவே கிடந்தால் விறகும் உழைப்பும் வீண், மீண்டும் எரிக்கவேண்டும். மெல்லப் பொன்னிறமானால், நீண்ட காம்புள்ள பலகையில் பாண்கள் உள்ளே செல்லும். வெப்பமானி கேட்கும் கேள்வியை அந்தச் சிட்டிகை மா கேட்டுவிடுகிறது.

இத்தனை முன்னேற்பாடு ஏன்? பாணுக்கு வேண்டிய வெப்பம் 200 முதல் 230 பாகை வரை. அந்தச் சூட்டில் இட்ட முதற் சில நிமிடங்களிலேயே மாவிலுள்ள காற்றும் நீராவியும் விரிந்து பாணை உயர்த்துகின்றன. ஏறத்தாழ 60 பாகையில் நொதி இறந்துவிடும். உயர்ந்த வடிவம் நிலைத்து, மேலோடு இறுகும். ஆறிய போறணையில் இட்டாலோ மா உயராமல் பரந்து, உள்ளே களியாக நிற்கும். கல் உண்ட சூடு மெல்லமெல்லவே இறங்குவதால், பாண் வெந்தபின் பணிஸ், அதன்பின் கேக், கடைசியில் மொறுமொறுப்பாக உலரவேண்டியவை என்று ஒரே எரிப்பில் வரிசையாக வேலை நடக்கும். பெருநாளுக்கோ பொங்கலுக்கோ மூடிக் கிடந்து குளிர்ந்த போறணை, மறுநாள் வழக்கத்தைவிட மிகுதியான விறகைத் தின்றுவிடும்.

பாண் வேகுமுன்னரே செலவாகிவிடும் இந்த விறகையும் இரவையும் யார் கொடுப்பது? உலக வரலாற்றில் இக்கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது. ஒரு குடும்பத்தின் சில ரொட்டிகளுக்காகப் பெரிய அடுப்பைச் சூடேற்ற இயலாது. இவ்வுண்மையை மத்தியகால ஐரோப்பிய நிலப்பிரபு நன்கறிந்திருந்தான். தன் அடுப்பிலேயே ஊரார் ரொட்டி சுடவேண்டும், அதற்குக் கூலி தரவேண்டும் என்று விதித்தான். பிரெஞ்சுப் புரட்சி இத்தகைய பிரபுத்துவ உரிமைகளை 1793-இல் இழப்பீடின்றி ஒழித்தது.

பிரபு போனபின் முதலாளி வந்தான். மார்க்ஸ் 1867-இல் வெளியிட்ட ‘மூலதனம்’ முதற் பாகத்தில், இரவு பதினொரு மணிக்கே வேலை தொடங்கும் இலண்டன் ரொட்டித் தொழிலாளரைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் 1863-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரை மட்டும் இரவு 9 முதல் காலை 5 வரை வேலை வாங்கலாகாது என்றது. மற்றோர் இரவில் உழைத்தனர். 1871 ஏப்ரல் 20-இல் பாரிஸ் கம்யூன், பேக்கரிகளின் இரவு வேலையையே தடைசெய்தது. எழுபத்திரண்டு நாள் வாழ்ந்த ஓர் அரசு தன் கவலைகளுக்கிடையே ரொட்டி சுடுவோனின் உறக்கத்தை நினைத்தது என்பது நம்மை இன்றும் நெகிழச் செய்கிறது. காஸான் நகரில் தாமே மாப் பிசைந்த கார்க்கி, ‘இருபத்தாறு ஆண்களும் ஒரு பெண்ணும்’ கதையை 1899-இல் எழுதினார். அக்கதையின் நிலவறையில் எரியும் அடுப்பை நாம் அயலூர் அடுப்பென்று எண்ணியதில்லை.

நம் நாட்டில் 1941-ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்கீழ் பேக்கரித் தொழிலுக்கும் ஒரு சபை உண்டு. சட்டம் கொழும்பில் இருந்தது. போறணை ஊரில் இருந்தது.

1942-இல் பர்மா யப்பானியர் கைக்குப் போய், அந்நாட்டு அரிசி நின்றபோது கோதுமை மா பங்கீட்டில் வந்தது. சோறே உணவென்றிருந்தோரும் பாணுக்குப் பழகினர். 1953-இல் கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர, ஆகஸ்ட் 12-இல் ஹர்த்தால் வெடித்தது. 1980 முதல் திருகோணமலையிலேயே பெரிய மா ஆலை இயங்கியது. கோதுமை மட்டும் கப்பலில்தான் வந்தது.

பின்னர் எரிவாயுப் போறணைகள் பெருகின. விசையைத் திருப்பினால் சூடு. விறகு வெட்டுவோனும் வேண்டாம், சாம்பல் வாருவோனும் வேண்டாம். இது நல்லதே, புகையில் இருமியவனின் நெஞ்சு ஓய்ந்தது. ஆனால் 2022-இல் நாடு டொலரின்றித் தவித்தபோது எரிவாயு இல்லாமற் போயிற்று. மார்ச் மாதத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேக்கரிகள் மூடப்பட்டதாக உரிமையாளர் சங்கமே அறிவித்தது. விறகுப் போறணையை இடிக்காது வைத்திருந்தோர் மீண்டும் கரி படிந்த வளைவைப் பார்த்தனர். மாவின் விலையும் ஏறியது. 450 கிராம் பாண் கூலிக்காரனுக்குக் கணக்குப் பார்த்து வாங்கும் பொருளாயிற்று.

மத்திய கிழக்கில் பிறர் வீட்டுச் சமையலறையில் உழைத்துத் திரும்பிய பெண்கள் சிலர் இன்று மின்சார அடுப்பு வைத்திருக்கிறார்கள். அதிலும் மாவை இடுமுன் பத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்றவே வேண்டியிருக்கிறது. அந்த நிமிடங்களின் விலை மின்கட்டணத்தில் வருகிறது.

காலையில் முச்சக்கர வண்டியொன்று பீத்தோவனின் இசையை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் நுழைகிறது. ‘சூன் பாண்’ என்று பிள்ளைகள் ஓடுகிறார்கள். பாண் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. அதற்காக நள்ளிரவில் போறணைக்குத் தீ மூட்டியவன் அப்போதுதான் பாயை விரித்துப் படுக்கிறான்.