கொடுத்தலும் உடைமையும் – பிள்ளை உறங்காவில்லிதாஸர் ஐதிஹ்யம் பற்றிய ஒரு விசாரம்

எம்பெருமானார் காவிரியில் நீராட எழுந்தருளும்போது முதலியாண்டான் கையையும், நீராடி மீண்டெழுந்தருளும்போது பிள்ளை உறங்காவில்லிதாஸர் கையையும் பற்றி வருவர் என்பது நம் ஸம்ப்ரதாயத்தில் ஸுப்ரஸித்தம். உபந்யாஸங்களில் இது பெரும்பாலும் பிறப்புப் பாராமைக்கு ஒரு மேற்கோளாக எடுக்கப்பட்டு, கேட்போர் கண்ணீர் மல்கும் அளவோடு நின்றுவிடுகிறது. ஆனால் இதன் பின்னர் நிகழ்ந்ததாகப் பூர்வர்கள் எழுதிவைத்த பகுதியோ பிறப்பை மட்டும் பேசுவதன்று. அது வஸ்திரத்தையும் பொன்னையும் பற்றியது. அதனையே இங்கு சற்று விரிவாக விசாரிக்க விரும்புகிறேன்.

இவ்வைதிஹ்யம் ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவத்தில் உள்ளது. அதனை அருளிச்செய்த பின்பழகிய பெருமாள் ஜீயர் நம்பிள்ளையின் திருவடிகளில் ஆச்ரயித்தவர், 13ஆம் நூற்றாண்டினர். உடையவர் காலமாக நம்மவர் கொள்ளும் 1017–1137க்கு நூறாண்டுகளுக்குப் பின்னரே இது ஏட்டில் ஏறியது. ஆகையால் இதனைக் கல்வெட்டின் ஸ்தானத்தில் வைத்தல் ஆகாது. எனினும், ஸமத்வம் என்ற சொல்லுக்கு அக்காலத்து ஸ்ரீவைஷ்ணவர்கள் என்ன பொருள் கொண்டனர் என்பதை அறிய, இதனினும் நேரான சான்று கிடைப்பது அரிது.

ஐதிஹ்யம் வருமாறு. நீராடிய பின் தாஸரைத் தீண்டுவது ஏன் என்று மடத்து முதலிகள் சிலருக்கு வருத்தம். உடையவர் விடை ஏதும் ஸாதிக்கவில்லை. இரவில் அவர்கள் உலர்த்தியிருந்த வஸ்திரங்களில் சிறிது கிழித்துவைக்கச் செய்தார். விடிந்ததும் அவர்கள் ஒருவரையொருவர் ஐயுற்று வாய்க்கு வந்தபடி வைதுகொண்டனர். பின்னொரு நாள் தாஸரை மடத்தில் வார்த்தையாடி நிறுத்திவைத்து, அவர் தேவிகள் பொன்னாச்சியார் உறங்கும்போது அவர் அணிந்திருந்த ஆபரணங்களைக் கழற்றிவர அம்முதலிகளையே அனுப்பினார். பொன்னாச்சியார் உறங்குவார் போலக் கிடந்து, ஒருபுறத்து ஆபரணங்களை அவர்கள் கழற்றியபின், மறுபுறத்தையும் கொள்ளட்டும் என்று புரண்டு படுத்தார். விழித்துக்கொண்டார் என அஞ்சி அவர்கள் ஓடிவந்துவிட்டனர்.

தாஸர் திரும்பியதும் நடந்ததைக் கேட்டு மனைவியையே கடிந்துகொண்டார். அவர்கள் கொண்டுபோனதற்காக அன்று, புரண்டு படுத்ததற்காக. இது என்னது, இதை நான் கொடுக்கிறேன் என்ற நினைவன்றோ உன்னைப் புரளச் செய்தது, எம்பெருமான் உடைமையை அவன் அடியார் கொள்ளும்போது கிடந்தபடியே கிடந்திருக்க வேண்டாவோ என்றார். மறைந்து நின்று இதனைக் கேட்ட முதலிகள் உடையவரிடம் வந்து விண்ணப்பம் செய்ய, அவர் இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துக் காட்டினார்.

அடியேனுக்குத் திண்ணையிலே காலக்ஷேபம் ஸாதித்த திருத்தகப்பனார் இவ்விடத்தில், "திருட்டில் என்ன தப்பு என்று கேளாதே, கொடையில் என்ன தப்பு என்று கேள்" என்பர்.

இக்கதையில் செல்வமும் பிறப்பும் எதிரெதிராக நிற்பதை முதலில் கவனிக்க வேண்டும். தாஸர் உறையூரில் அரச ஸேவகத்தில் இருந்த மல்லர். அவர் திருமாளிகையில் பொன்னுக்குக் குறைவில்லை. அவரைக் குறைகூறினவர்களோ பிறப்பால் உயர்ந்தவர்கள். ஆயின் உலர்த்திய ஒரு வஸ்திரத்தைத் தவிர அவர்களுக்கு வேறு உடைமை இல்லை. பொருளில்லாமை தன்னளவில் ஒருவனை மமகாரத்தினின்று விடுவிப்பதில்லை. ஏழ்மையைப் புண்யமாகப் பாடும் வழக்கம் வேறு சில மதங்களில் உண்டு. நம் பூர்வர்கள் அதற்கு இடங்கொடுக்கவில்லை. கூரத்தாழ்வான் பெருஞ்செல்வத்தைத் துறந்து உஞ்சவ்ருத்தி செய்தார் என்றால், அங்கும் போற்றப்படுவது வறுமையன்று. வழியில் தேவிகள் கையிலிருந்த பொன்வட்டிலை வாங்கி எறிந்த அந்த உறுதியே.

இனி, தாஸர் கடிந்ததின் கருத்து. தானம் என்பது இருவரை வேண்டுவது. கொடுப்பவன் மேலும், ஏற்பவன் கீழுமாக நிற்பதை வேண்டுவது. பொருள் கைமாறினாலும் அந்த மேல்கீழ் மாறுவதில்லை; கொடையின் அளவு பெருகப்பெருக அது உறுதிப்படவும் செய்யும். பொன்னாச்சியாரின் உதாரத்தில் குறையில்லை. ஆனால் ஏற்போர் ஏற்கத் தகுந்தவர் என்று தாம் நிச்சயித்தவராக அவர் ஆகிவிட்டார். அனைத்துக்கும் ஸ்வாமி எம்பெருமான் ஒருவனே என்பது நம் ஸித்தாந்தமாயின், அவன் பொருளை அவன் அடியார் பெறுவதற்கு நடுவில் நின்று அநுமதி கொடுக்க நாம் யார் என்பதே தாஸரின் கேள்வி. சேஷ–சேஷி பாவத்தை ஸமூகத்தில் பொருத்தினால் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு, வ்யாக்யானங்களில் இவ்வளவு கூர்மையான உதாஹரணம் வேறொன்று அடியேன் நினைவுக்கு வரவில்லை.

தாஸருக்கேனும் பொன் இருந்தது. பொன்னும் இன்றிப் பிறப்பும் இன்றி நின்றவர் மாறனேரி நம்பி. ஆளவந்தார் திருவடிகளில் ஆச்ரயித்த அவருக்குப் பெரிய நம்பி தாமே சரம ஸம்ஸ்காரம் செய்தார். வேறொருவரைக் கொண்டு செய்விக்கலாகாதோ என்று உடையவர் கேட்க, பெருமாள் ஜடாயுவுக்கும் தர்மபுத்ரர் விதுரருக்கும் செய்ததை நம்பி எடுத்துக்காட்டி, அடியார் பெருமை சொல்லும் நம்மாழ்வார் திருவாய்மொழிகள் இரண்டும் வெறும் கடல் ஒலியோ என்று கேட்டாராம். கேள்வி உடையவரையே நோக்கி எழுந்தது என்பதை நம்மவர் மறைக்கவில்லை. அது நம் குருபரம்பரையின் நேர்மை. திருவரங்கத்தார் பெரிய நம்பியை விலக்கிவைத்து அவர் வாசலில் முள்ளிட்டு அடைத்ததையும், திருமகளார் அத்துழாய் பெருமாள் திருத்தேரையே தடுத்து முறையிட்டதையும் பெரியோர் சொல்லக் கேட்கிறோம். ஸமத்வத்தைச் சொன்னவரை ஒருவரும் விலக்கவில்லை, செய்தவரையே விலக்கினர்.

இத்தகைய செயல்கள் ஒரு தலைமுறையோடு மறையாதபடி காத்தவர்கள் பிள்ளைலோகாசார்யரும் அவர் திருத்தம்பியாரும். ஸ்ரீவசனபூஷணம் அடியாரின் பிறப்பை ஆராய்வதைத் தாயின் யோனியை ஆராய்வதோடு ஒப்பிட்டு நிஷேதிக்கிறது. ஆசார்யஹ்ருதயத்தில் நாயனார், மண்பூவும் ஆலவட்டமும் வீணையும் ஏந்திய மூவரை, முடிசூடிய அரசனும் வைதிகரில் தலைவரும் முனிவரும் பின்பற்றிய வரலாற்றை ஒருசேரத் தொகுத்தருளினார். குயவரான குறும்பறுத்த நம்பியும், திருக்கச்சிநம்பியும், திருப்பாணாழ்வாரும் அங்கே குறிக்கப்படுகின்றனர்.

ஆயின் க்ரந்தத்தில் நிலைத்தது கோயில் வாசலில் நிலைத்ததா? திருநாராயணபுரத்தில் திருக்குலத்தார்க்கு ஆண்டில் மூன்று நாள் கோயிலுக்குள் வரும் உரிமை எம்பெருமானார் நியமனம் என்று வழங்கிவந்தது. அக்காலத்தை நோக்க இது பெரிய கார்யம். ஆனால் நூற்றாண்டுகள் பல கடந்தும் மூன்று நாள் நான்காகவில்லை. ஆசார்யன் திறந்த வாசலை அளவாக எண்ணி, மற்ற நாள்களுக்கெல்லாம் அதனையே தாழ்ப்பாளாக்கிக்கொண்டனர் பின்னோர். ஆண்டுதோறும் மூன்று நாள் "கொடுத்தோம்" என்ற நினைவு இருந்ததே, அதுதான் புரண்டு படுத்தல்.

சென்னை மாகாணத்தில் இயற்றப்பெற்ற இரண்டு சட்டங்களை ஒப்பிட்டால் இவ்விஷயம் விளங்கும். 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரையில் வைத்தியநாத ஐயர் ஒதுக்கப்பட்டோரை மீனாக்ஷியம்மன் கோயிலுக்குள் அழைத்துச்சென்றதை ஒட்டி அவ்வாண்டு வந்த சட்டம், வழிபடுவோரிடம் பெரும்பாலும் எதிர்ப்பு இல்லை என்று தர்மகர்த்தா கருதினால், அரசின் இசைவோடு கோயிலைத் திறந்துவிடலாம் என்றது. அஃதாவது, கொடுக்கும் கை ஒன்று நடுவில் இருந்தது. அக்கை கொடுக்கலாம், மறுக்கவும் செய்யலாம். 1947ஆம் ஆண்டுச் சட்டமோ, எந்த வழக்கம் எதிராக இருப்பினும், விலக்கப்பட்டிருந்த வகுப்பினர் கோயிலினுள் சென்று வழிபட உரிமையுடையவர் என்றது. திறப்பவர் என்று ஒருவர் அதில் இல்லை.

இச்சட்டத்தைக் கோயில் குடும்பங்களில் பலர் தம் கையிலிருந்த ஒன்று பறிபோனதாகவே கருதினர். அடியேன் இளமையில் அவ்வார்த்தையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். வம்சபரம்பரையாகக் கைங்கர்யம் செய்து வந்தவர்களுக்கு அந்த வருத்தம் இயல்பு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் பறிபோயிற்று என்று சொல்வதற்கு அது முன்னம் நம்முடையதாக இருந்திருக்க வேண்டும். அவ்வார்த்தை சொன்ன திருமாளிகைகளிலேயே உறங்காவில்லிதாஸர் ஐதிஹ்யமும் காலக்ஷேபத்தில் ஸாதிக்கப்பட்டு வந்தது; வஸ்திரம் கிழிந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பர்.