வில் ஐஸ்னரின் இடைக்காலம்

படைப்பாளர் வரலாறு எழுதுவோர், நூல் வெளிவந்த ஆண்டுகளை நிரல்படுத்தி, நூல் தோன்றாத ஆண்டுகளை வெற்றாண்டுகளாகக் கொள்ளுதல் பெருவழக்கு. அமெரிக்கச் சித்திரக்கதை ஆசிரியரும் ஓவியருமாகிய வில் ஐஸ்னரின் (1917–2005) வரலாற்றிலும் இவ்வழக்கே புகுந்துள்ளது. 1952-இல் 'ஸ்பிரிட்' நின்றது. 1978-இல் 'கடவுளோடு ஓர் ஒப்பந்தம்' வெளிவந்தது. இடைப்பட்ட 26 ஆண்டுகளும் கலைக்குப் புறம்பானவை என்பர். இக்கூற்றுப் பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் யூதக் குடியேறிகளின் மகனாகப் பிறந்த ஐஸ்னர், 1936-இல் ஜெரி ஐகருடன் கூடிச் சித்திரக்கதைப் பணிமனை ஒன்றினை நிறுவினார். 1940 ஜூன் 2 முதல் ஞாயிறு நாளிதழ்களின் இணைப்பாக 'ஸ்பிரிட்' வெளிவந்தது. முகமூடி அணிந்த துப்பறிவாளனின் கதையே அது; எனினும் அதன் சிறப்புக் கதைத்தலைவனிடத்தன்று. தலைப்பெழுத்துகளே கட்டடங்களாய் எழுந்து நிற்கும்; பெருமழை தெருவெல்லாம் வழிந்தோடும். நம் இலக்கணத்தார் முதற்பொருள் என்னும் நிலமும் பொழுதும் அங்கே கதையை நடத்துகின்றன எனின் மிகையன்று.

பிறிதொன்றும் கருதத்தக்கது. சூப்பர்மேனைப் படைத்த இருவரும் 1938-இல் அதன் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டனர். ஐஸ்னரோ, 'ஸ்பிரிட்' தமக்கே உரியதாகும்படி ஒப்பந்தம் செய்துகொண்டார். கூலிக்கு வரைதலே நெறியாக இருந்த அக்காலத்தில் இஃது அரிய செயல்.

இனி, வெற்றாண்டுகள் எனப்படுவனவற்றைக் காண்போம். உலகப்போரின்போது 1942-இல் படையிற் சேர்ந்த ஐஸ்னர், ஊர்திகளைப் பழுதின்றிக் காக்கும் முறையைப் படங்களால் வீரர்க்குக் கற்பித்தார். பின்னர், 1951 முதல் 1971 வரை, அமெரிக்கத் தரைப்படைக்கெனப் 'பி.எஸ்.' என்னும் பராமரிப்பு இதழின் படங்களை உருவாக்கினார். நாளிதழிற் படம் விளங்காவிடின் வாசகன் பக்கத்தைப் புரட்டுவான். இங்கோ பொறியே பழுதுபடும். சட்டகம் துறந்த பக்கமும், எழுத்தும் படமும் கலந்த அமைப்பும் 'ஸ்பிரிட்'டிலேயே உள்ளன; ஆகவே இக்காலத்தில் அவர் பெற்றது புதிய உத்தி அன்று. தம் தொழிலின் வேண்டுதலால் சித்திரக்கதையைப் படிக்கும் முதிர்ந்த வாசகனையே அவர் பெற்றார் என்பது எம் கருத்து.

1970-இல் அவர் மகள் ஆலிஸ், பதினாறாம் அகவையில், இரத்தப்புற்றுநோயால் இறந்தாள். எட்டாண்டுகள் கழித்து வந்த நூலின் முதற்கதையில், பிராங்க்ஸ் பகுதி வாடகைக் குடியிருப்பில் வாழும் ஃபிரிம் ஹெர்ஷ், தன் வளர்ப்பு மகளை நோய்க்குப் பறிகொடுத்துக் கடவுளிடம் வழக்காடுகின்றான். ஒப்பந்தத்தை மீறியவர் யார் என்பதே அவன் வினா. தம் துயரே அக்கதையின் வேர் என்பதை ஐஸ்னர் நெடுங்காலம் வெளியிடாதிருந்து முதுமையிலேயே எழுதினார். துணிகரக் கதைக்கே உரியதென எண்ணப்பட்ட வடிவம் புதல்வியை இழந்தான் புலம்பலைத் தாங்கியது; அப்புலம்பலைக் கேட்கத்தக்க வாசகன் உளன் என்னும் துணிவினை அவர்க்கு அளித்தது, புறம்பானதென ஒதுக்கப்படும் அவ்விடைக்காலமே.

'கிராஃபிக் நாவல்' என்னும் பெயரை ஆக்கியவர் ஐஸ்னரே எனச் சிலர் கூறுவது பிழை. ரிச்சர்ட் கைல் 1964-இலேயே அதனை வழங்கினார்; ஐஸ்னரின் நூல் அதனைப் பரப்பிற்று.

கற்பிக்கும் தொழிலை அவர் பின்னரும் விட்டாரல்லர். நியூயார்க்கின் காட்சிக்கலைப் பள்ளியில் நடத்திய பாடங்களிலிருந்தே 1985-இல் அவருடைய சித்திரக்கதை இலக்கண நூல் பிறந்தது. அவர் மறைந்த 2005-ஆம் ஆண்டிலேயே வெளிவந்த இறுதிநூல், யூதர் மீது பழிசுமத்தப் புனையப்பட்ட 'சீயோன் மூப்பர் நெறிமுறைகள்' என்னும் போலி ஆவணத்தின் வரலாற்றைப் படங்களால் விளக்குவதாகும். அதில் போலியும் அதன் மூலமும் அருகருகே வைத்து ஒப்பிடப்பெறுகின்றன.